ஒன்றுமே நடக்காத நாளை எழுதுவது எப்படி?

“எழுத ஆசைதான். ஆனால் எழுதுகிற மாதிரி என் வாழ்க்கையில் என்ன நடக்கிறது?” புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அன்றாடத்தைப் பற்றி எழுத, ஒன்றும் நடக்காமல் இருப்பது ஒரு குறையே இல்லை. கல்யாணம், வேலை மாற்றம், பெரிய சண்டை எல்லாம் எழுதி வைக்காமலே நினைவில் நின்றுவிடும். பையிலேயே இருந்த சாவியை வீடெல்லாம் தேடியது, லிஃப்டுக்குள் மேலதிகாரியோடு தனியாக மாட்டிக்கொண்டு இருவரும் மாடி எண்களையே வெறித்துப் பார்த்தது, “இதோ, வந்துகொண்டே இருக்கிறேன்” என்று போனில் சொல்லியபடியே செருப்பைத் தேடியது போன்றவற்றை அன்றே எழுதாவிட்டால் போனது போனதுதான்.

இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களைக் கொஞ்சம் சிரிப்போடு, விடாமல் எழுதிப் பழக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாவல் எழுதும் உத்தியோ புகழ் பெறும் வழியோ இதில் கிடையாது.

முதலில், இதனால் என்ன லாபம்?

2014இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிலரின் ஆய்வு ஒன்று வெளியானது. அண்மையில் பேசிய ஒரு பேச்சு, அப்போது கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகள், நண்பர்களுக்குள் மட்டும் புரிகிற ஒரு ஜோக் என்று சிலவற்றை மாணவர்களிடம் எழுதி வாங்கி, மூன்று மாதம் கழித்துக் காட்டினார்கள். “அப்போது இதைப் படிக்க எவ்வளவு ஆவல் இருக்கும்?” என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். மாணவர்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். கையில் கிடைத்தபோது ஆவல் அதைவிட அதிகமாக இருந்தது. அதிலும் விசேஷ நாளைவிடச் சாதாரண நாளைப் பற்றி எழுதியதில்தான் இந்தக் கணிப்பு அதிகம் பிசகியது. ஆகவே, ‘இதையெல்லாம் யார் படிப்பார்கள்?’ என்று எழுதும்போது தோன்றினால் நம்பாதீர்கள். இன்னும் மூன்று மாதத்தில் நீங்களே உட்கார்ந்து படிப்பீர்கள்.

பழைய நாட்குறிப்புகளிலும் இதே கதைதான். லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை குறிப்பு எழுதினார். 1666இல் நகரமே பற்றியெரிந்ததை அவர் எழுதியது வரலாற்று ஆவணம். ஆனால் படித்தவர்கள் மறக்காமல் சொல்வது, தீ நெருங்குகிறது என்றதும் அவர் குழி தோண்டித் தன் ஒயினையும் பார்மசான் பாலாடைக்கட்டியையும் புதைத்த செய்தியைத்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல்களும் போர்களும் ஆளுநர் மாளிகைப் பேச்சுகளும் வருகின்றன. அவற்றுக்கு நடுவே யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யாருக்கு யார்மேல் வருத்தம் என்பதெல்லாம் வருகிறது. நமக்கு ஆட்கள் உயிரோடு தெரிவது அங்கேதான்.

என்னைக் கேட்டால், திரும்பப் படிப்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. தொடர்ந்து எழுதுகிற ஆளுக்கு எரிச்சல் முழுதாக வராது. ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டு “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்று சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம் மட்டும்தான் வரும். எழுதுகிறவருக்குக் கோபத்தின் ஓரத்தில், ‘அந்த ஆள் இதைச் சொல்லும்போது எதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்?’ என்று ஒரு குறுகுறுப்பும் இருக்கும். இதனால் பிரச்சினை ஒன்றும் தீராது. வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் ஜாலியாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் வாரம் எழுதவே வேண்டாம்

ஆமாம், கட்டுரை எழுத உட்கார வேண்டாம். முதல் வாரம் முழுக்கக் குறிப்பு எடுப்பது மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வரி போதும். போனில் இருக்கும் நோட்ஸ் செயலி, சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் தேடியது எப்போதும் இன்னொன்றில்தான் இருக்கும். குரல் பதிவு செய்கிறேன் என்பவர்கள் செய்யலாம். யாரும் அதைத் திரும்பக் கேட்டதாகத் தெரியவில்லை. அழகான தோல் அட்டை நோட்டும் வேண்டாம். அதன் முதல் பக்கத்தில் ‘இன்று சாக்ஸ் ஒன்றைக் காணோம்’ என்று எழுதக் கை வராது.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ‘இன்று அலுவலகத்தில் ஒரே சங்கடம்’ என்று எழுதினால் ஒரு வாரம் கழித்து அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என்ன சங்கடம் என்பதே நினைவிருக்காது. இப்படி எழுதுங்கள்: ‘கண்ணாடிக் கதவு. தள்ளு என்று போட்டிருக்கிறது. இழுத்தேன். மறுபடி இழுத்தேன். உள்ளே இருந்தவர் கையால் தள்ளிக் காட்டினார்.’ உணர்ச்சியைக் குறிக்க வேண்டாம். பொருள், செயல், யாராவது பேசியிருந்தால் அவர் சொன்ன அதே வார்த்தைகள் இவற்றைக் குறித்தால் உணர்ச்சி கூடவே திரும்பி வரும். பேச்சை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். காட்சி ஒரு நாள் தாங்கும். ஒருவர் சொன்ன வாக்கியம் ஒரு மணி நேரத்தில் நம் நடைக்கு மாறிவிடும்.

எதையெல்லாம் பிடிப்பது? நினைத்தது ஒன்றாகவும் நடந்தது இன்னொன்றாகவும் இருக்கும் இடங்களைக் கவனியுங்கள். நாம் நமக்கே போட்டுக்கொண்ட விசித்திரமான சட்டங்களும் நல்ல சரக்கு. கடிகாரத்தை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பவர் இருக்கிறார். தள்ளி வைத்தது அவருக்குத் தெரியும் என்பதால் தினமும் மனதுக்குள் ஐந்தைக் கழித்துக்கொண்டு அதே தாமதத்தோடுதான் கிளம்புகிறார். இயந்திரங்கள் நம்மோடு பேசும் தொனி, ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதை நிரூபியுங்கள்’ என்று நம்மைச் சந்தேகிக்கும் கணினி, அன்றைக்கு நாம் சொன்ன சின்னச் சின்னப் பொய்கள். இந்தப் பொய்களை மட்டும் நேர்மையாகக் குறித்தாலே ஒரு மாதத்துக்கு எழுதலாம்.

எப்போது, எவ்வளவு

இரண்டாவது வாரத்திலிருந்து எழுத உட்காரலாம். நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதைவிட, ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் கட்டுவது நல்லது. ‘இரவு ஒன்பது மணிக்கு’ என்பதைவிட ‘பாத்திரம் கழுவிய கையோடு’ என்பது நிற்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 96 பேர் இப்படித்தான், தினமும் நடக்கும் ஒன்றை அடுத்து ஒரு புதுப் பழக்கத்தைச் செய்து பார்த்தார்கள். யோசிக்காமலே செய்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே கைவந்துவிடும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கு வந்தது. இருபத்தொரு நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி புதியவர்களுக்கு இன்னும் முக்கியம்: இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

ஆகவே விட்ட நாளுக்கு ஈடுகட்டாதீர்கள். ‘நேற்று எழுதவில்லை, இன்று இரண்டு’ என்று ஆரம்பித்தால், நான்கு நாள் விட்டதும் கடன்காரனைப் பார்ப்பதுபோல் நோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். இன்றைய கணக்கு இன்றைக்கு மட்டும்.

அளவு, இருபது நிமிடம் அல்லது இருநூறு சொல். எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்துங்கள். எழுத இன்னும் இருக்கும்போதே நிறுத்துவது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் மறுநாள் உட்கார அதுதான் உதவும்.

இரவில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு யோசனை. பக்கத்தின் மேல் ஓரத்தில் நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வரியில் மின்கட்டணம் குறுக்கே வரும். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் எழுத வைத்தார்கள். நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். எழுத்து வராவிட்டாலும் தூக்கமாவது வரும்.

குறிப்பிலிருந்து ஒரு பக்கம்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதை ஒரு மாதிரியோடு பார்க்கலாம். கையில் இருக்கும் குறிப்பு: ‘மூன்று வரிசை. மாறினேன். பழைய வரிசை நகர்ந்தது. சிவப்புச் சட்டை.’

முதல் முயற்சியில் அநேகமாக இப்படி வரும்:

‘இன்று பில் போட வரிசையில் நின்றேன். மிகவும் நீளமான வரிசை. பக்கத்து வரிசை மிகவும் வேகமாக நகர்ந்தது. எனக்கு ஒரே எரிச்சல்! வாழ்க்கையே இப்படித்தானே!!’

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்குப் பார்க்க எதுவும் இல்லை. ‘மிகவும்’ இரண்டு முறை வந்தும் வரிசை ஓர் அடிகூட நீளவில்லை. கடைசி வரி யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடியது. இதை அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கீழே நடந்ததை நடந்த வரிசையில் மறுபடி எழுதுங்கள். கருத்து எதுவும் சேர்க்காமல், கையும் கண்ணும் என்ன செய்தன என்று மட்டும்:

‘மூன்று வரிசை. எதில் நிற்பது என்று முதலில் ஆட்களை எண்ணினேன், அப்புறம் அவர்கள் கூடைகளில் இருந்த பொருட்களை எண்ணினேன். நடு வரிசையில் ஆள் குறைவு. ஆனால் முன்னால் இருந்தவர் சில்லறைப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இடது பக்கம் மாறினேன். மாறியதும் அவர் பையை மூடிவிட்டு ஒரு கார்டை நீட்டி, ஒரே நொடியில் போய்விட்டார். என் வரிசையில் பில் காகிதச் சுருள் தீர்ந்தது. புதுச் சுருள் வரும்வரை, நான் விட்டுவந்த இடத்தில் இப்போது நின்ற சிவப்புச் சட்டைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இருந்தாலும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை.’

எரிச்சல் என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? இந்த இரண்டாவது எழுத்துக்கு அப்புறம் செய்ய வேண்டியது சின்ன வேலைகள்தான். சிரிப்பு எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அதற்கு உதவாத வரிகளை எடுத்துவிடுங்கள். பொதுவாக முதல் இரண்டு வரிகள் போய்விடும். ‘இன்று காலை எழுந்ததிலிருந்தே’ என்று தொடங்கும் எதுவும் தைரியமாகப் போகலாம். கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் ஒரு விளக்கம் எழுதத் தோன்றும். அதை எழுதாதீர்கள்.

விருப்பம் இருந்தால் ஓர் உண்மைத் தகவலைச் சேர்க்கலாம். பக்கத்து வரிசை எப்போதும் வேகமாகப் போவது விதி இல்லை, கணக்கு. மூன்று வரிசையும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்றால், நீங்கள் நிற்பதே மிக வேகமான வரிசையாக அமைய மூன்றில் ஒரு வாய்ப்புதான். மீதி இரண்டு பங்கு நேரம் யாரோ ஒரு சிவப்புச் சட்டை முந்தத்தான் செய்யும். காத்திருப்பதைக் கணிதமாக்கும் துறையே இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர், வந்துகொண்டே இருக்கும் அழைப்புகளைப் பற்றி 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது தொடங்குகிறது. இப்படி ஒரே ஒரு தகவல் போதும். இரண்டாவது வந்தால் பாடப்புத்தக வாடை அடிக்கும்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது

நகைச்சுவையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் வராது. துல்லியமாக எழுதுங்கள், மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார். ‘நிறைய டப்பாக்கள் இருந்தன’ என்பதில் ஒன்றும் இல்லை. ‘மூடி இல்லாத டப்பா ஏழு, டப்பா இல்லாத மூடி பதினொன்று’ என்றால் முகத்தில் ஏதோ அசையும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஆச்சரியக்குறி, ‘ஹா ஹா’, ‘சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது’ எல்லாம் எழுதுகிறவரே முதலில் சிரித்துவிடுவது மாதிரி. அப்புறம் மற்றவர்களுக்கு வேலை இல்லை.

தமிழில் வினை கடைசியில் வருவது நமக்கு வாய்த்த வசதி. அதுவரை வாசகரை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம். ‘அலாரத்தை அணைத்து, எழுந்து, முகம் கழுவி, உடை மாற்றி, பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டதாகக் கனவு கண்டேன்.’ கனவு என்பது முன்னால் வந்திருந்தால் இந்த வாக்கியம் செத்திருக்கும். வாக்கியத்தை எழுதி முடித்ததும், வேடிக்கையான சொல் கடைசிக்கு நகருமா என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

நடையைப் பற்றி அடிக்கடி சந்தேகம் வரும். சொல்கிறவர் எழுத்துத் தமிழில் சொல்லட்டும், பேசுகிறவர்கள் பேசுகிற மாதிரியே பேசட்டும். “எங்கே வைத்தேன் என்று தெரியவில்லையே” என்று உலகத்தில் யாரும் சாவியைத் தேடியது கிடையாது. “எங்க வச்சேன்னு தெரியலையே” என்றுதான் தேடுகிறார்கள். ‘வினவினார்’, ‘நவின்றார்’ பக்கமே போக வேண்டாம். ‘கேட்டார்’, ‘சொன்னார்’ ஆகிய இரண்டுமே எவ்வளவு எழுதினாலும் தேயாது.

கூட இருப்பவர்களை எழுதும்போது

அன்றாடத்தை எழுதினால் வீட்டுக்காரர்களும் சக ஊழியர்களும் உள்ளே வராமல் இருக்க மாட்டார்கள். நோட்டில் இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் எழுதலாம். மற்றவர்களுக்குக் காட்டப் போகிறீர்கள் என்றால் சில கட்டுப்பாடுகள் தேவை. சிரிப்பில் பெரிய பங்கு உங்கள்மேல் விழட்டும். குறட்டை விடுகிறவரைப் பற்றி எழுதுவதைவிட, அந்தக் குறட்டைக்குத் தாளம் எண்ணிக்கொண்டு விழித்துக் கிடந்தவரைப் பற்றி எழுதினால் சண்டை வராது, எழுத்தும் நன்றாக இருக்கும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அந்த வட்டத்தில் இருக்கிறவர்கள் பெயரைப் பார்த்தா ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள்? சம்பந்தப்பட்டவரிடம் முதலில் படிக்கக் கொடுங்கள். குழந்தைகளைப் பற்றி எழுதினால், பதினைந்து வயதில் அவர்கள் இதைப் படித்துவிட்டு உங்களோடு பேசுவார்களா என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

சிரிப்பு வராத நாட்கள்

எல்லா நாளும் வேடிக்கையாக இருக்காது. அன்றைக்கு வலிந்து சிரிப்பை வரவழைக்க வேண்டாம். மனதில் இருப்பதை அப்படியே எழுதலாம், யாருக்கும் காட்டாமல். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், தங்களை வாட்டிய அனுபவங்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதும்படி மாணவர்களிடம் சொன்ன சோதனையை வெளியிட்டார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. இதை மருந்து என்று சொல்ல மாட்டேன். எழுத எழுத மனம் இன்னும் சுழன்றுகொண்டே போனால் நோட்டை மூடிவிட்டு யாரிடமாவது பேசுவதுதான் சரி.

வேறு வகை வறட்சியும் உண்டு. சோகம் இல்லை, சும்மா ஒன்றும் தோன்றாது. அப்படிப்பட்ட நாளில் மேசைமேல் இருக்கும் பொருட்களைப் பட்டியல் போடுங்கள், ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். மை தீர்ந்த பேனாவை ஏன் இன்னும் பேனா ஸ்டாண்டிலேயே வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு வரும்போது பெரும்பாலும் எழுத்து கிளம்பிவிடும்.

திரும்பப் படிப்பதும் பத்திரப்படுத்துவதும்

ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி, கிழமை, எழுதிய இடம், ஒரு வரித் தலைப்பு போட்டுவிடுங்கள். ‘இன்று’, ‘நேற்று’ என்று மட்டும் எழுதினால் மூன்று வருடம் கழித்து எந்த இன்று என்று உங்களுக்கே தெரியாது. போனில் எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை இன்னோர் இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள்.

எழுதியதை உடனே படிக்காதீர்கள், எல்லாமே மோசமாகத் தெரியும். மாதக் கடைசியில் மொத்தமாகப் படித்து, சிரிப்பு வந்த இடத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். சிரிக்க நினைத்து எழுதிய இடங்களில் கோடு குறைவாகவும், சும்மா போகிற போக்கில் எழுதிய இடங்களில் அதிகமாகவும் விழும். ஒரே விஷயம் நான்கைந்து முறை திரும்பத் திரும்ப வந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். சாவி தொலைவது அடிக்கடி வந்தால் ஒன்று, அது உங்களுக்கு ஒரு நீண்ட கட்டுரை. இல்லாவிட்டால் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டிய நேரம்.

கோடு விழுந்த பக்கங்களில் ஒன்றை எடுத்து ஒரே ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். “நல்லா இருக்கு” என்று சொல்கிறவரைவிட, கேட்டுக்கொண்டிருக்கும்போது போனை எடுக்கக்கூடிய ஆளாகப் பாருங்கள். அவர் எந்த வரியில் போனை எடுக்கிறாரோ அந்த வரிக்கு முந்தைய பத்தியைத் திருத்துங்கள்.